வீட்டு மதிப்பாளர்க்கு எந்தச் சந்தா நல்லது?

தொழில் நாடும் நம் இளைஞர்கட்குப் பயன்படும் செய்திகளைத் திங்கள்தோறும் இப்பகுதியில் எழுதி வருகிறோம். இத்திங்கள் சீத்தா கேம்ப் அன்பர் ஒருவர் விடுத்துள்ள வினாவை எடுத்துக்கொள்வோம். அவருடைய மகனார் கட்டடப் பொறியியலில் பட்டம் பெற்றவர். வீடு மனைகளின் விலையை மதிப்பிடும் ஒருவரிடம் சில ஆண்டுகள் பணி பயின்றவர். இப்போது தனியே தொழில் தொடங்க முனைந்துள்ளார். “வீட்டு விற்பனைச் செய்திகளைக் கணினி வழியே தரும் நிறுவனத்தில் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டுமென்று மகன் பணம் கேட்கிறான். செய்தித்தாளுக்குச் சந்தா கட்டியிருக்கிறோம். வீட்டு விலைக்கும் சந்தா உண்டோ? உண்டாயின், எதற்குக் கட்டுவது?” என்று தந்தையார் கேட்கிறார்.

நல்ல வினா. இதற்கு விடை தெரிந்துகொள்வது அந்த இளைஞர் ஒருவருக்கு மட்டுமன்றி, வீடு வாங்கவும் விற்கவும் எண்ணியிருக்கும் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் நன்மை தருவதாகும்.

முதற்கண், மதிப்பாளர் எழுதும் ஒரு தொகை ஒரு குடும்பத்தை எவ்வாறு தொடுகிறது என்று பார்ப்போம். நம்மவர் ஒருவர் 60 இலட்ச ரூபாய்க்கு வீடு ஒன்றைப் பேசி முடித்து முன்பணமும் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடன் தொகை 30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரை இருப்பின், வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மிகாமல் கடன் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவ்வாறாயின் அவருக்கு 48 இலட்சம் வரை கிடைக்கக் கூடும். ஆனால் மதிப்பாளர் அந்த வீட்டை 54 இலட்சம் என்று எழுதிவிட்டால், கடன் 43 இலட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்துவிடும். இடையிலுள்ள 4 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு அவர் எங்கே போவார்? மனைவியின் நகையை அடகு வைப்பார். சீட்டைத் தள்ளி எடுப்பார். இயலாவிட்டால் முன்பணத்தை இழப்பார். மதிப்பு கூடிவிட்டாலோ, தகாத விலைக்கு வாங்கிய வீட்டின் கடனை இருபது ஆண்டுகள் சுமப்பார். ஆகவே அந்த ஒரு தொகை எதன்மேல் நிற்கிறது என்பது சிறிய செய்தியன்று.

அது எதன்மேல் நிற்க வேண்டும்? அதே வட்டாரத்தில், அதே தரத்தில், அண்மையில் விற்ற வேறு வீடுகளின் உண்மை விலையின்மேல் நிற்க வேண்டும். தரகர் சொல்லும் விலை கேட்கும் விலை. கொடுத்த விலை அன்று. அரசு வெளியிடும் ‘ரெடி ரெக்கனர்’ விலையோ முத்திரைத் தீர்வை வாங்குவதற்காக வகுக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் தேதியன்று மும்பைக்கு அது சராசரி 3.39 விழுக்காடு உயர்த்தப்பட்டது. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் மாறாமலே இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் மும்பையில் வீட்டு விலை அசையாமல் நின்றது என்று யாரேனும் சொல்வரோ? நம் தாயகத்திலும் இதற்குச் சான்றுண்டு. 2017 சூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. அன்று ஒரே நாளில் நம் ஊர் நிலங்கள் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிடவில்லை. அரசின் அளவுகோல் வரிக்கு உரியது. அதை விலை என்று கொள்ளுதல் தவறு.

ஆகவே உண்மை விற்பனைகளைத் தேட வேண்டும். அவை எங்கே கிடைக்கும்? ஊரில் நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது நம்மவர்க்குப் பழகிய செயல். அதுபோலவே மகாராட்டிரத்தில் பதிவான ஒவ்வொரு விற்பனைக்கும் ‘இண்டெக்ஸ்-2’ எனும் ஒரு தாள் உண்டு. பத்திரத்தின் வகை, கொடுத்த தொகை, அரசுக் கணக்கில் வரும் மதிப்பு, இடத்தின் விவரம், பரப்பளவு, இரு தரப்பாரின் பெயர், எழுதிய தேதி, பதிவான தேதி, பத்திர எண், கட்டிய தீர்வை ஆகியன அனைத்தும் அதில் மராத்தியில் இருக்கும். பதிவுத் துறையின் இணையதளத்தில் இதைக் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். மும்பையில் பள்ளிப் படிப்பு முடித்த நம் பிள்ளைகட்கு மராத்தி படிக்கத் தெரியுமாதலால், இத்தாளைப் படிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை.

அப்படியாயின் சந்தா எதற்கு என்று கேட்கலாம். அரசின் தேடல் ஒவ்வொரு பத்திரமாகத் தேடும் வகையில் அமைந்தது. ஒரு கட்டடத்தில் ஐந்தாண்டுகளில் விற்ற வீடுகளையெல்லாம் ஒரே பட்டியலாகப் பார்க்க விரும்பினால், அரைநாள் போய்விடும். சில வேளைகளில் தளம் திறக்கவே நேரமாகும். சந்தா நிறுவனங்கள் அப்பத்திரங்களைத் திரட்டி, கட்டடம் வாரியாக அடுக்கி, ஆங்கிலத்தில் தருகின்றன. அவற்றுக்கு நாம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அடுக்கிக் கொடுத்த கூலியேயாகும். மறைந்திருந்த பொருளைக் கண்டெடுத்ததற்கான விலை அன்று அது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், சந்தா முகவர் சொல்லும் பெருமைகளில் பாதியைத் தள்ளிவிடலாம்.

பிற நாடுகளை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். இங்கிலாந்திலும் வேல்சிலும் நிலப்பதிவு அலுவலகம் 1995 சனவரி முதல் நடந்த வீட்டு விற்பனை விலைகளைப் பட்டியலிட்டு யாவர்க்கும் இலவயமாக வழங்குகிறது. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்திலோ விற்ற விலையை அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அங்கே தரகர்கள் தமக்குள் வைத்துள்ள விற்பனைப் பட்டியலுக்குச் சந்தா கட்டாமல் மதிப்பாளர் தொழில் நடத்துவது அரிது. மும்பை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இங்கே விலை பொதுவில் இருக்கிறது. ஆனால் சிதறிக் கிடக்கிறது. எனவே டெக்சாசு மதிப்பாளர்க்கு ஏற்ற அறிவுரையை அப்படியே எடுத்து மும்பை மதிப்பாளர்க்குச் சொல்லுதல் பொருந்தாது.

இந்நகரில் பயன்படும் சேவைகளின் பெயர்கள் சிலவற்றை இளைஞர்கள் கேள்விப்பட்டிருப்பர். சாப்கீ போன்றவை பதிவான வீட்டு விற்பனைகளைக் கட்டடம் வாரியாகக் காட்டுவன. பிராப்ஸ்டாக், சிஆர்இ மேட்ரிக்ஸ் ஆகியன அலுவலகம், கடை ஆகியவற்றின் வாடகைப் பத்திரங்களையும் திரட்டுவன. லையாசஸ் ஃபோராஸ், பிராப்ஈக்விட்டி ஆகியன புதிய கட்டடத் திட்டங்களில் எத்தனை வீடுகள் விற்றன, எத்தனை விற்காமல் நிற்கின்றன என்பதை ஆராய்வன. இவற்றுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு உரியது. வங்கிக் கடனுக்காகப் பழைய வீடுகளை மதிப்பிடுபவர், கட்டட முதலாளிகட்கான ஆராய்ச்சிப் பட்டியலை வாங்கிப் பயனில்லை. நெசவாளிக்கு உளியும் தச்சருக்குத் தறியும் வாங்கிக் கொடுத்தாற்போல் ஆகும்.

இனி, பணம் கட்டுமுன் கேட்கவேண்டிய கேள்விகளைச் சொல்வோம்.

முதலாவது, எல்லை. சீத்தா கேம்பிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் அடுத்த வீட்டை எங்கே தேடுகின்றனர்? மான்குர்து பாலத்தைக் கடந்து நவி மும்பைக்குச் செல்கின்றனர். வாசி தாணே மாவட்டத்தைச் சேர்ந்தது. கார்கரும் பன்வேலும் ராய்கட் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மும்பைப் பதிவுகளை மட்டும் தரும் சந்தா, நம் மதிப்பாளர்க்குப் பாதிச் சந்தாவே. மேலும் நவி மும்பையில் பெரும்பாலான மனைகள் சிட்கோவின் குத்தகைக்கு உட்பட்டவை. அங்கே விற்பனை விலையோடு சிட்கோவுக்குக் கட்டும் மாற்றுக் கட்டணத்தையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, தேதி. பட்டியலில் காணும் தேதி ஒப்பந்தம் எழுதிய தேதியா, பதிவான தேதியா? 2020 செப்டம்பர் முதல் திசம்பர் வரை மகாராட்டிர அரசு முத்திரைத் தீர்வையை 2 விழுக்காடாகவும், அடுத்த மூன்று திங்களுக்கு 3 விழுக்காடாகவும் குறைத்தது. அப்போது மக்கள் பெருந்திரளாகப் பத்திரம் எழுதினர். ஒரு திங்களில் தீர்வை கட்டி, பல திங்கள் கழித்துப் பதிவு செய்தோரும் உண்டு. இரு தேதிகளையும் காட்டாத பட்டியலை நம்பினால், எந்தத் திங்களின் விலை எது என்று அறியாமல் தடுமாற நேரும்.

மூன்றாவது, பரப்பு. இதுவே பெரும்பள்ளம். சில பத்திரங்களில் சுவருக்குள் அடங்கிய ‘கார்ப்பெட்’ பரப்பு இருக்கும். சிலவற்றில் சுவரையும் சேர்த்த ‘பில்ட்டப்’ பரப்பு இருக்கும். சதுர அடியும் சதுர மீட்டரும் கலந்திருக்கும். எடுத்துக்காட்டாக, 1 கோடியே 20 இலட்சத்துக்கு விற்ற வீட்டுக்கு 600 சதுர அடி என்று பட்டியலில் இருப்பின், சதுர அடி 20,000 ரூபாய் என்று தோன்றும். அந்த 600 ‘பில்ட்டப்’ என்றும், கார்ப்பெட் 500 தான் என்றும் பத்திரத்தைத் திறந்தபின் தெரிந்தால், உண்மை விலை 24,000 ரூபாய். இதைப் பாராமல் பக்கத்து வீட்டின் 500 சதுர அடி கார்ப்பெட்டை 20,000-ஆல் பெருக்கினால், 1 கோடியே 20 இலட்சம் பெறும் வீட்டை ஒரு கோடி என்று எழுதிவிடுவோம். ஒரு சொல்லைக் கவனியாமையால் ஒரு குடும்பத்துக்கு 20 இலட்சம் இழப்பு! ஆகவே எந்தப் பரப்பு என்று குறித்துக் காட்டாத பட்டியலை விலைக்கு வாங்கவேண்டா.

நான்காவது, களையெடுப்பு. பதிவேட்டில் உள்ளன எல்லாம் விற்பனையல்ல. தந்தை மகனுக்கு எழுதிய தானமும் அதிலுண்டு. பழைய கட்டடம் இடித்துக் கட்டும்போது, குடியிருந்தவர்க்குப் புதுவீடு கொடுக்கும் ஒப்பந்தமும் உண்டு. அதில் பணமே கைமாறாது. உறவினர்க்குள் குறைந்த விலைக்கு எழுதிய பத்திரமும் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துச் சராசரி போட்டால், நெல்லோடு பதரையும் அளந்த கதையாகும். நிறுவனம் இவற்றைப் பிரித்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது, மூலம். ஒவ்வொரு விற்பனைக்கும் பத்திர எண்ணும் பதிவு அலுவலகத்தின் பெயரும் தரப்பட்டுள்ளனவா? தரப்பட்டிருந்தால் அரசுத் தளத்தில் நாமே சென்று சரிபார்க்கலாம். எண் தராமல் ‘எங்கள் கணக்குப்படி இவ்வட்டாரத்தின் விலை இது’ என்று மட்டும் கூறும் சேவை, மதிப்பாளர்க்கு உதவாது. நாளை வங்கியோ நீதிமன்றமோ ‘எதைக் கொண்டு எழுதினீர்?’ என்று கேட்கும்போது, சந்தா நிறுவனம் வந்து விடை சொல்லாது. கையொப்பமிட்டவர் தாமே சொல்லவேண்டும்.

ஆறாவது, நிபந்தனைகள். எத்தனை பேர் பயன்படுத்தலாம்? அறிக்கையில் அப்பட்டியலை எடுத்து எழுத உரிமையுண்டா? ஆண்டு முடிந்ததும் கேளாமலே அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்களா? சந்தா முடிந்தபின் பழைய தேடல்கள் நம் கையில் இருக்குமா? சொன்ன தொகைக்கு மேல் 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி வேறு உண்டா? இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம்.

கேள்விகளுக்கு விடை வாங்கியபின் ஒரு சோதனையும் செய்யலாம். பெரும்பாலான நிறுவனங்கள் சில நாள் இலவயமாகப் பார்க்க விடும். அந்நாள்களில் விளம்பரப் படங்களைப் பார்த்துப் பொழுது போக்காமல், தாம் ஐயமற அறிந்த பத்து விற்பனைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். உறவினர் வாங்கியது, நண்பர் விற்றது, பயிற்சிக் காலத்தில் பத்திரத்தைக் கண்ணால் கண்டது என்று பத்தைத் தேர்ந்து, அப்பட்டியலில் தேட வேண்டும். பத்தில் எத்தனை இருக்கின்றன? இருப்பவற்றுள் விலை, பரப்பு, மாடி, தேதி ஆகியன சரியாக இருப்பவை எத்தனை? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். இங்கே பத்துச் சோறு பார்த்துவிடுவோம். இரண்டு நிறுவனங்களை இவ்வாறு ஒப்பிட்டால், எது நமக்கு ஏற்றது என்பது தானே விளங்கும்.

செலவுக் கணக்கையும் பார்க்கவேண்டும். ஆண்டுச் சந்தா 30,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். திங்களுக்குப் பத்து மதிப்பீடு எழுதுபவர்க்கு ஒன்றுக்கு 250 ரூபாய் விழும். இரண்டே எழுதுபவர்க்கு 1,250 ரூபாய் விழும். தொழில் தொடங்கும் முதலாண்டில் வேலை எத்தனை வருமென்று யார் அறிவார்? வங்கிகள் தம் பட்டியலில் சேர்த்தோர்க்கே வேலை தருகின்றன. கம்பெனிச் சட்டத்தின்கீழ் மதிப்பீடு எழுதவோ, 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, பட்டதாரிக்கு ஐந்தாண்டுப் பட்டறிவும், பயிற்சியும், தேர்வும், திவால் வாரியத்தின் பதிவும் வேண்டும். இவை கைகூடுமுன் பெருஞ்சந்தா கட்டுதல், கடை திறக்குமுன் சரக்கை நிரப்புவதை ஒக்கும். எனவே முதலாண்டில் அரசின் இலவயத் தேடலையே கைத்தேர்ச்சியாகப் பழகிக்கொண்டு, தேவைப்படும்போது ஒவ்வொரு அறிக்கைக்கு மட்டும் பணம் கட்டும் சேவையைப் பயன்படுத்துவது நன்று. வேலை பெருகி, தேடலில் செல்லும் நேரம் சந்தாவைவிட விலையுயர்ந்ததாகும் நாளில் ஆண்டுச் சந்தா கட்டலாம். அப்போதும் நாடு முழுவதுக்குமான பட்டியல் வேண்டா. அகல உழுவதினும் ஆழ உழுவதே மேல்; தாம் வேலை செய்யும் மூன்று வட்டாரங்களுக்கு நம்பத்தக்க பட்டியல் இருந்தாற் போதும்.

இவ்வளவும் பதிவான வீடுகளைப் பற்றியன. இனிச் சொல்வது நம் சொந்த இடத்தைப் பற்றியது.

எந்தச் சந்தாவைக் கட்டினாலும், சீத்தா கேம்ப் சந்து ஒன்றில் போன திங்கள் கைமாறிய வீட்டின் விலை அதில் பெரும்பாலும் இராது. காரணம் எளிது. அவ்வீடுகள் நோட்டரித் தாளிலும் பவர் பத்திரத்திலும் கைமாறுகின்றன, பதிவேட்டுக்குச் செல்வதில்லை. பதிவேட்டில் இல்லாதது சந்தாப் பட்டியலில் எவ்வாறு வரும்? நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறும் அசையாச் சொத்தின் விற்பனை பதிவாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் 2011-இல் தெளிவாகக் கூறியுள்ளது. ஆகவே அங்கே மதிப்பாளர் முதலில் எழுதவேண்டியது, எந்த உரிமையை மதிப்பிடுகிறோம் என்பதையே. நிலத்தின் உரிமையா, கட்டடத்தின் மதிப்பா, குடியிருக்கும் வாய்ப்பா என்று பிரித்துச் சொல்லாமல் ஒரே தொகையை எழுதுதல், வாங்குபவரையும் விற்பவரையும் ஏமாற்றுவதாகும்.

ஆயினும் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதும், இழப்பீடு பேசும்போதும், அந்த வீட்டுக்கும் ஒரு மதிப்பு சொல்லியாக வேண்டும். அப்போது மதிப்பாளர்க்குத் துணை கணினியன்று, கால்நடையே. அதே சந்திலும் அடுத்த சந்திலும் அண்மையில் கைமாறிய மூன்று வீடுகளையேனும் கண்டு, தாளைப் பார்த்து, அளந்து, சந்தின் அகலம், தண்ணீர் வசதி, மேல்மாடி, சாலையின் அண்மை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோவண்டியிலும் செம்பூரிலும் விற்ற அடுக்குமாடி வீட்டின் சதுர அடி விலையை எடுத்து இங்கே பொருத்துதல் கூடாது.

நம்மவர்க்கு இந்த வேலை புதிதன்று. அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகே இருந்த சனதா காலனி 1976 மே திங்களில், நெருக்கடி நிலைக் காலத்தில், அகற்றப்பட்டபோது, அங்கிருந்த மக்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட இடமே சீத்தா கேம்ப். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் அவர்கள்; 2000-இல் மகசேசே விருது பெற்று, 2018-இல் மறைந்தவர். குடிசைவாழ் மக்கள் தம்மைத் தாமே எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும் என்பதை அவர் ஊர்தோறும் வலியுறுத்தினார். 1985-இல் ஸ்பார்க் எனும் தொண்டு நிறுவனம் இந்நகரின் நடைபாதை வாசிகளைக் கணக்கெடுத்து, ‘கண்ணுக்குத் தெரியாதவர்களாகிய நாங்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. பின்னர் அற்புதம் அவர்களின் கூட்டமைப்பும் ஸ்பார்க்கும் கைகோத்துப் பணியாற்றின. அரசின் ஏட்டில் இல்லாத மக்கள், தம் கையில் ஏடு வைத்துக்கொண்டபின்தான் பேசும் வலிமை பெற்றனர்.

அவ்வழியை விலை மதிப்பிலும் நாம் பின்பற்றலாம். செக்டர் வாரியாக ஒரு குறிப்பேடு இருக்கட்டும். விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் அதில் வேண்டா. திங்கள், ஆண்டு, அளவு, மாடி, சந்தின் அகலம், கைமாறிய தொகை ஆகியன போதும். ஐந்தாண்டு இவ்வாறு எழுதினால், எந்த நிறுவனமும் விற்க இயலாத ஒரு பட்டியல் நம் இளைஞர் கையில் இருக்கும். அவசரத்துக்கு வீட்டை விற்கும் கைம்பெண்ணிடம் தரகர் பாதி விலை சொல்லும்போது, ‘அம்மா, இதே சந்தில் இவ்வளவுக்குக் கைமாறியிருக்கிறது’ என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

சந்தா கட்டத்தக்கதைச் சோதித்துக் கட்டுவோம். இலவயமாய்க் கிடைப்பதை முதலில் கற்போம். எங்கும் கிடைக்காததை நாமே எழுதி வைப்போமாக.